உள்ளே இரண்டு பேர்

அந்தச் சனிக்கிழமை கட்டிடத்தில் இருந்தவர்கள்: வாசல் காவலில் பெட்கோ. இரண்டாம் மாடியில், மதியம் வரைக்கும், மேலாளர் க்ரசிமிர். நிலவறையில், டேப் அறைக்குள், ராய்னா. அதே அறைக்குள் ஸ்டோயில்.

கதவின் கணக்கு அப்படித்தான் சொன்னது. ஸ்டோயில் செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

கதவுக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னத் திரை. அதில் இரண்டு பெயர்களும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பச்சை எழுத்தில் நின்றன. ராய்னா அதைப் பார்த்துக்கொண்டே கழுத்துத் துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். அவளுக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. ஸ்டோயிலின் பெயரை அந்தக் காலையில் திரும்பக் கொண்டுவந்தவளே அவள்தான்.

டேப் அறையில் தீப்பிடிக்கக் கூடாது. ரூசே நகரத்துப் பாதிப் பேருடைய கணக்கு வழக்கு, வீட்டுப் பத்திரம், எக்ஸ்ரே எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து அங்கே டேப்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். அதனால் அந்த அறையின் காற்றில் ஆக்சிஜனைக் குறைத்து வைப்பது வழக்கம். உள்ளே தீக்குச்சியை உரசினால் பொறி வரும், சுடர் வராது. ஆள் இருக்கும்போது இயந்திரம் கொஞ்சம் நல்ல காற்றை விடும். மலையேறினவன் மாதிரி மூச்சு வாங்கும், அவ்வளவுதான். உள்ளே யாரும் இல்லை என்று கதவு சொன்ன நிமிஷம், இருக்கிறதையும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் தனி ஆளாக யாரும் உள்ளே போகக் கூடாது என்பது விதி. இரண்டு பேர் போக வேண்டும், இரண்டு பேர் வர வேண்டும். வெளியே வர, கதவோரம் இருக்கும் இரண்டு துளைகளிலும் இரண்டு கார்டுகளைச் செருக வேண்டும். இரண்டும் செருகினால்தான் கதவு ஒரு முறை திறக்கும்.

போன வருடம் ஸ்டோயிலும் க்ரசிமிரும் உள்ளே இருந்தார்கள். க்ரசிமிருக்குக் காபி வேண்டியிருந்தது. ஸ்டோயிலுக்கு வேலை பாதியில் இருந்தது. "உன் கார்டையும் குடு, செருகிட்டுப் போய்ட்டு வந்துடறேன்" என்று க்ரசிமிர் வாங்கிக்கொண்டான். எல்லாரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள், ராய்னாவும் செய்திருக்கிறாள். இரண்டு கார்டும் வெளியே போனதாகப் பதிவானதும் அறை காலி என்று கதவு முடிவு செய்தது. அன்றைக்குக் காபி மிஷின் அருகே க்ரசிமிர் யாருடனோ பேசிக்கொண்டு நின்றுவிட்டான். கதவுக்குப் பக்கத்தில் அவசரத்துக்கு ஒரு பச்சைப் பொத்தான் உண்டு. ஸ்டோயில் அதை அழுத்தியிருக்கிறான், நகம் பெயரும் அளவுக்கு. ஆனால் காலி அறைக்குள்ளிருந்து யார் பொத்தானை அழுத்த முடியும்? ஏதோ கோளாறு என்று கதவு அதைத் தள்ளிவிட்டது.

*

காலையில் டான்யூப் ஆற்றிலிருந்து கிளம்பிய மூடுபனி வாசல் கேட்டை விழுங்கியிருந்தது. இறந்தோர் சனிக்கிழமை. ஊர் மொத்தமும் வேகவைத்த கோதுமையும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கேட்டில் ஸ்டோயிலின் படம் போட்ட துக்க அறிவிப்பு ஒட்டியிருந்தது. நாற்பதாம் நாள் ஒட்டினது, ஆறாம் மாதம் ஒட்டினது எல்லாவற்றையும் பெட்கோ சுரண்டி எடுத்திருந்தான். இன்றைக்கு விட்டுவிட்டான். அதை ஒட்டினவள் பக்கத்திலேயே நின்றது காரணமாக இருக்கலாம்.

"நெவேனா அக்கா, குளிர்ல ஏன் நிக்கிறீங்க?" என்றாள் ராய்னா.

ஸ்டோயிலின் மனைவி ஒரு பிளாஸ்டிக் டம்ளரை நீட்டினாள். வேகவைத்த கோதுமை, மேலே சர்க்கரைத் தூள், நடுவில் ஒரு மஞ்சள் மெழுகுவத்தி.

"கல்லறையில குடுத்துட்டேன், இது இங்கத்துக்கு. அவர் வேலை பார்த்த இடத்துல வெச்சுக் கொளுத்திடு."

"அக்கா, அந்த ரூம்ல நெருப்பு எரியாது."

"தெரியும். அவரே சொல்லிச் சிரிப்பார், எங்க ரூம்ல பிசாசு கூட சிகரெட் பிடிக்க முடியாதுன்னு." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எரியலன்னா சும்மா வெச்சிடு. அவருக்கு அந்த இடம்தான் பழக்கம். அந்தக் கார்டைக் கூட சட்டைப் பையில வெச்சுத்தான் புதைச்சேன். வேலைக்குப் போறப்ப எங்க வெச்சேன், எங்க வெச்சேன்னு தினம் என்னைத்தான் திட்டுவார்."

ராய்னா டம்ளரை வாங்கிக்கொண்டாள். வாங்கினால் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்: "கடவுள் அவரை மன்னிக்கட்டும்."

"உன்னையும்," என்றாள் நெவேனா. அப்படிச் சொல்வது வழக்கமில்லை.

*

மாடியில் க்ரசிமிர் நின்றபடியே பேசினான். மருத்துவமனை ஒன்றின் சர்வர்களை முந்தின நாள் எவனோ பூட்டிப் போட்டுப் பணம் கேட்டிருந்தான். நோயாளிகளின் விவரம் மொத்தமும் டேப்பிலிருந்துதான் திரும்ப ஏற்ற வேண்டும். திங்கட்கிழமை அறுவை சிகிச்சைக்குப் படுக்க இருப்பவர்களின் ரத்த வகை கூட அவர்கள் கையில் இல்லை.

"ரெண்டாவது ஆளு எங்க?" என்று ராய்னா கேட்டாள்.

"ரெண்டாவது ஆளு ஸ்டுட்கார்ட்டுல டாக்ஸி ஓட்டுறான். மூணாவது ஆளு காய்ச்சல்ல கிடக்கறான். அவங்க கார்டெல்லாம் அவங்க பையில."

"அப்ப நீங்க வாங்க."

க்ரசிமிர் ஜன்னல் பக்கம் திரும்பினான். "நான் அந்த ரூமுக்குள்ள கால் வைக்க மாட்டேன். உனக்கே தெரியும்."

தெரியும்.

"கதவுக்கு உள்ள ரெண்டு பேர் வேணும், அவ்வளவுதானே? உள்ள ஆள் இருந்த நேரத்துல எடுத்த நகலை ஏத்து. கதவோட கணக்குக்கும் பேக்கப் இருக்கில்ல?"

"ராத்திரிதான் பேக்கப் ஓடுது. அப்ப உள்ள யாரு இருப்பா? பகல்ல எடுத்தது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. போலீஸ் அழிக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே, அது."

அது ஸ்டோயில் தன் கையால் எடுத்த நகல். சாவதற்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு பேரும் உள்ளே இருந்தபோதே கதவின் கணக்கை எடுத்துத் தொடங்கி, பாதியில் விட மனசில்லாமல் முடித்த வேலை அதுதான்.

"ஏத்து," என்றான் க்ரசிமிர். "வேலை முடிஞ்சதும் கூப்பிடு. நான் எங்க இருந்தாலும் லேப்டாப்லேருந்து கதவைத் திறந்து விடறேன்."

ராய்னா ஏற்றினாள். திரையில் இரண்டு பெயர்கள் வந்தன: ஸ்டோயில், க்ரசிமிர். மேலாளர் நினைத்தால் ஒரு பெயரை நீக்கலாம். சேர்ப்பது அவனாலும் ஆகாது, கதவில் கார்டு காட்டினால்தான் ஏறும். க்ரசிமிர் அவள் தோளுக்கு மேல் எட்டி, பெயரை நீக்கினான். தன்னுடையதை.

கீழே போகும்போது பெட்கோ கூண்டிலிருந்து குரல் கொடுத்தான். "என்ன தங்கச்சி, இன்னைக்கு உன் ஜோடி ரொம்ப அமைதியான ஆளாமே? டீயும் கேக்க மாட்டான், லீவும் கேக்க மாட்டான்."

"வாயைக் கழுவுங்க அண்ணே."

"சீக்கிரம் முடி. இருட்டறதுக்குள்ள எங்க அம்மா கல்லறைக்குப் போகணும். நீ வெளிய வந்தாத்தான் நான் கேட்டைப் பூட்ட முடியும்."

*

டேப் அறை ஒரு காலத்தில் சர்க்கரை மூட்டை அடுக்கிய நிலவறை. எவ்வளவு கழுவியும், எத்தனை முறை காற்றை வடிகட்டியும், அதன் கல் சுவர்களில் ஒரு புளித்த இனிப்பு வாடை மிச்சமிருந்தது. அதன் மேல் சூடான பிளாஸ்டிக் வாடை, அதன் மேல் வறண்ட காற்றின் வாடை, அதாவது எந்த வாடையும் இல்லாததன் வாடை. வரிசை வரிசையாக அலமாரிகள். ஆள் நடந்தால் அந்த வரிசைக்கு மட்டும் விளக்கு எரியும், நகர்ந்து போனால் கொஞ்ச நேரத்தில் தானே அணையும். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இயந்திரக் கை தண்டவாளத்தில் ஓடி, டேப்பை எடுத்து வாசிப்பானில் செருகி, எடுத்து, செருகி, சலிப்பில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் இல்லாத பழைய டேப்களை அலமாரியிலிருந்து எடுத்து வந்து ஊட்டுவதுதான் ராய்னாவின் வேலை.

முதலில் டம்ளரை வைத்தாள். ஸ்டோயில் வழக்கமாக வேலை பார்த்த கடைசி வரிசையின் கோடியில், தரையில். மடத்தனம் என்று தெரிந்தும் பையிலிருந்து லைட்டரை எடுத்து மெழுகுவத்தித் திரியில் ஒரு முறை தட்டினாள். பொறி பறந்தது. அவ்வளவுதான். திரி வெள்ளையாக, தொடப்படாமல், கோதுமைக்கு நடுவில் நின்றது.

வேலை நன்றாகவே போனது. மருத்துவமனைக்காரன் ஒருவன் அறைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வந்துகொண்டிருக்கிறது, வந்துகொண்டிருக்கிறது என்று அழாத குறையாகச் சொன்னான். அவள் டேப்களைக் கூடையில் சுமந்து நடந்தாள். விளக்குகள் அவளுக்கு முன்னால் எரிந்தன, பின்னால் அணைந்தன.

இயந்திரக் கை ஓய்ந்திருந்த ஒரு சமயத்தில்தான் சுவரிலிருந்த காற்று மானியைப் பார்த்தாள். ஆட்கள் விடும் மூச்சு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அது காட்டும். ஆள் எத்தனை, நேரம் எவ்வளவு என்று தெரிந்தால் முள் எங்கே நிற்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். அவள் எத்தனை வருடமாக அதைப் பார்க்கிறாள். தனி ஆளின் மூச்சுக்கு முள் இந்நேரம் பச்சைக் கோட்டைத் தொட்டிருக்க வேண்டும்.

கோட்டைத் தாண்டி, அதே அளவு மேலே நின்றது.

இரண்டு பேர் மூச்சு.

மானி பழசு, என்று சொல்லிக்கொண்டாள். காற்று குறைந்த இடத்தில் மூளை தாறுமாறாகப் போகும், பயிற்சியிலேயே அதைச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். கூடையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அவள் விட்டு வந்து வெகுநேரமாகிவிட்ட கடைசி வரிசையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவள் நின்று பார்த்தாள். அணையும் என்று காத்திருந்தாள். அணைகிறதற்கு உள்ளே எதுவும் அசையாமல் இருக்க வேண்டும்.

அணையவில்லை.

அப்போது அந்தச் சத்தம். பிளாஸ்டிக் உறை உள்ளங்கையில் தட்டுப்படும் மெல்லிய சத்தம். டப். ஸ்டோயில் ஒவ்வொரு டேப்பையும் செருகுவதற்கு முன்னால் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டுவான். தூங்குமூஞ்சி, எழுந்திரு, என்பான். அந்தப் பழக்கம் அந்த அறையில் வேறு யாருக்கும் கிடையாது. டப். பிறகு, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி, டப்.

மிச்சமிருந்தது மூன்று டேப். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் அந்த மூன்றையும் ஊட்டினாள். திங்கட்கிழமை யாரோ மேஜையில் படுக்கப் போகிறார்கள். அவர்களுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். அதை மட்டும் நினைத்துக்கொண்டாள். கடைசி டேப் கீழே விழுந்தது; எடுத்து, துடைத்து, செருகினாள். இயந்திரக் கை அதை வாங்கிக்கொண்டது. திரையில் வேலை முடிந்தது என்று வந்தது.

*

கதவோரத்து முதல் துளையில் தன் கார்டைச் செருகினாள். உள்ளேயே நின்றது. இரண்டாவது துளைக்கு மேல் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. இன்னொருவரும் வா, என்று அர்த்தம்.

க்ரசிமிரைக் கூப்பிட வேண்டும். தொலைபேசி அறையின் அந்தக் கோடியில், இயந்திரப் பெட்டிக்குப் பின்னால். அங்கே போக மனசு வரவில்லை. அவசரப் பொத்தானை அழுத்திவிட்டுத் திட்டு வாங்கலாம் என்று பட்டது. ஸ்டோயிலுக்குப் பிறகு அதைச் சரிசெய்திருந்தார்கள். கணக்கு என்ன சொன்னாலும் பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கும். அறை காலியென்று சொன்னாலும் காற்று உடனே இறங்காது.

அழுத்தினாள்.

கதவு அசையவில்லை.

விரல் பொத்தானின் மேலேயே இருந்தது. அவளுக்குப் புரிந்தது, பல வருடம் பார்த்த வேலையாகையால் முழுசாகவே புரிந்தது. நகல் என்றால் எல்லாம்தான் திரும்பி வரும். பெயர் மட்டும் தனியாக வராது. அந்தச் சரிசெய்தல் நடந்தது ஸ்டோயில் செத்த பிறகு. அவள் ஏற்றியது அதற்கு முந்தின கதவை. அவனைக் கொன்ற கதவை, திருகாணி முதற்கொண்டு, தன் கையாலேயே திரும்ப மாட்டியிருக்கிறாள். ஒரு கார்டு செருகி இன்னொன்றுக்காகக் காத்திருக்கும்போது அழுத்தினாலும் அந்தப் பழைய கதவு அதைக் கோளாறு என்றே தள்ளிவிடும். உள்ளே ஆள் இருப்பது கணக்கில் இருக்கும்வரை காற்று வரும். கணக்கு காலியானால் வராது.

தொலைபேசிக்கு ஓடினாள்.

க்ரசிமிரின் எண் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. காவல் கூண்டுக்குப் போட்டாள்.

"அண்ணே, க்ரசிமிர் எங்க?"

"அவன் மதியமே கிளம்பிட்டான். கல்லறைக்குத்தான். அங்க செல்போன் சத்தம் எங்க கேக்கும், பாதிரி கத்துற கத்துல."

"ஆளை அனுப்பியாவது பிடிங்க. என்னால வெளிய வர முடியல. பொத்தான் வேலை செய்யல."

"பதறாத தங்கச்சி. அவன் பொண்டாட்டி நம்பர் என்கிட்ட இருக்கு, கூப்பிடறேன். நீ லைன்லயே இரு." பெட்கோ எதையோ புரட்டும் சத்தம். பிறகு நின்றது. "ஏம்மா."

"என்ன?"

"உன் பக்கத்துல யாரு இருமுறது?"

அவள் காதில் எந்த இருமலும் விழவில்லை. ரிசீவரை வாயிலிருந்து தள்ளிப் பிடித்தாள். கடைசி வரிசை விளக்கு அணைந்திருந்தது. அடுத்த வரிசை எரிந்தது. அது அணைந்தது. அதற்கடுத்தது எரிந்தது. நிதானமாக. கூடை சுமந்து நடக்கிறவனின் நிதானம். வரிசை வரிசையாக, அலமாரிகளுக்குப் பின்னால், அவளைத் தாண்டி, கதவை நோக்கி.

புளித்த சர்க்கரை வாடை போய்விட்டது. மண் வாடை. ஈர மண்.

"ராய்னா? இருக்கியா?"

கதவுப் பக்கம் ஒரு சின்னச் சத்தம். கார்டு துளைக்குள் போகும் சத்தம்.

க்ளிக்.

அவளுக்கு முதலில் வந்தது பயம் கூட இல்லை. கணக்கு. இரண்டு கார்டு. கதவு ஒரு முறை திறக்கும். ஒரே ஒரு முறை.

ரிசீவரை விட்டுவிட்டு ஓடினாள். கால் கனத்தது. அந்தக் காற்றில் ஓடக் கூடாது, யாரும் ஓட முடியாது. நெஞ்சுக்குள் துணி திணித்த மாதிரி. அலமாரி முனையில் தோள் இடித்தது. கதவு திறப்பது கேட்டது. வெளிக்காற்று முகத்தில் பட்டது, குளிர்ச்சியாக, மூடுபனி மணத்தோடு, ஒரே ஒரு வாய் காற்று. இன்னும் ஒரு வரிசை. கதவு இடுக்கில் சாம்பல் நிற வேலைக் கோட்டின் முதுகு. முதுகெல்லாம் மண். அவசரமே இல்லாமல் போனது.

அவள் கை இரும்பைத் தொட்டபோது இடுக்கு இல்லை.

பின்னால், தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரில், பெட்கோவின் குரல் பூச்சி மாதிரி சின்னதாகக் கேட்டது.

"ஆங், திறந்துட்டான் பாரு! க்ரசிமிர் வேலைதான். ரெண்டு பேரும் வெளியன்னு இங்க காட்டுது. சரி தங்கச்சி, பக்கவாட்டு வாசல் வழியா போயிடு, நான் கேட்டைப் பூட்டிட்டுக் கிளம்பறேன். கொஞ்ச நேரம் பயமுறுத்திட்ட, போ."

அவள் கத்தினாள். கத்துவதற்குக் காற்று வேண்டும். வாய் மட்டும் திறந்தது.

மேலே திரையில் பெயர்கள் இல்லை. எங்கோ சுவருக்குள் இயந்திரம் சுருதி மாறி, நீளமாக உறிஞ்ச ஆரம்பித்தது. இரண்டாவது துளையில் ஒரு கார்டு நின்றது. ஓரத்தில் ஈர மண். படத்தில் ஸ்டோயில், சவரம் செய்த முகத்தோடு, கொஞ்சம் சிரித்தபடி.

பொத்தானை அழுத்தினாள். அழுத்தினாள்.

கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. அதற்கு அப்பால் படிக்கட்டு. அங்கே, நல்ல காற்றில், ஒரு மஞ்சள் மெழுகுவத்தி நேராக நின்று எரிந்தது. ஒரு கை அதைக் காற்றுப் படாமல் பொத்திப் பிடித்திருந்தது. நகமில்லாத கை. அது படியேறத் தொடங்கியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால், அவள் உள்ளங்கைக்கு அடியில், தாழ்ப்பாள் ஒவ்வொன்றாக விழுந்து கதவு பூட்டிக்கொண்டது.